கம்மந்தான் கான் சாகிபும் ஒற்றர்களும்

திருநெல்வேலிச் சீமையின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோட்டைகளைப் பற்றி எழுதினர். பீரங்கிகளைப் பற்றி எழுதினர். கப்பப் பாக்கியைக் கணக்கிட்டு எழுதினர். அக்கோட்டைகள் வீழ்ந்ததற்கும் வீழாமற் போனதற்கும் பல வேளைகளிற் காரணமாயிருந்த ஒற்றர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஒற்றன் பெயரை ஏட்டில் எழுதிவைத்தால் அவன் ஒற்றனாக இருக்க முடியாது என்பதும் இதற்கொரு காரணமாகலாம். ஆயினும் ஏடுகளில் ஆங்காங்கே சிந்திக் கிடக்கும் செய்திகளைப் பொறுக்கிச் சேர்த்தால், பொருநையாற்றுப் பள்ளத்தாக்கில் நடந்த போர்களின் உள்முகம் ஒன்று நமக்குப் புலப்படுகிறது. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறோம்.

1755ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டின் தொடக்கத்தில் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் என்னும் கும்பினித் தளபதி, 500 ஐரோப்பியரோடும் 2000 சிப்பாய்களோடும் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, மதுரையைக் கைப்பற்றித் திருநெல்வேலிக்கு வந்தார். நவாப் முகம்மது அலியின் தமையனார் மாபூஸ்கானும் உடன் வந்தார். பாளையக்காரர்களிடமிருந்து நவாபுக்குச் சேரவேண்டிய கப்பத்தைத் தண்டுவது நோக்கம். நெற்கட்டுஞ்செவலில் பூலித்தேவரின் கோட்டைக்கு முன் படை வந்து நின்றது. மதிலைத் தகர்க்கும் பெரிய பீரங்கி ஹெரானிடம் இல்லை. இருந்த சிறு பீரங்கிகளால் மண்மதிலுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆகவே, 20,000 ரூபாய் கொடுத்தால் படையை விலக்கிக் கொள்வதாகத் தூது சென்றது.

பூலித்தேவர் சொல்லியனுப்பிய மறுமொழியை ராபர்ட் ஆர்ம் தம் நூலில் குறித்துவைத்திருக்கிறார். என் சீமை முழுவதையும் சல்லடையிட்டாலும் இவ்வளவு பணம் கிடைக்காது. பணத்தின் அருமை எனக்கு நன்கு தெரியுமாதலால் ஒரு ரூபாயும் தருவதற்கில்லை என்பது அதன் கருத்து. இதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லிப் பலர் போற்றியுள்ளனர். ஆனால் அத்துணிச்சலுக்குப் பின்னே என்ன இருந்தது என்பதையும் ஆர்ம் அங்கேயே சொல்லிவிடுகிறார். பாளையக்காரரின் ஒற்றர்கள் ஹெரானின் பாசறைக்குள் இருந்தனர். பாசறையில் உணவு இல்லை என்பதும், சம்பளம் கிடைக்காத சிப்பாய்கள் கலகம் செய்யும் நிலையில் இருக்கின்றனர் என்பதும் கோட்டைக்குள் இருந்த பூலித்தேவருக்குத் தெரிந்திருந்தன. கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதோ வெளியே நின்ற கர்னலுக்குத் தெரியவில்லை. ஹெரான் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார். திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்தனர். இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்ட அவர் பதவியும் இழந்தார்.

ஹெரானோடு சென்ற சிப்பாய்களுக்குத் தலைமை பூண்டிருந்தவர் முப்பது வயதளவில் இருந்த ஒருவர். நெற்கட்டுஞ்செவலின் முன் நடந்ததையெல்லாம் அவர் கண்ணாரக் கண்டிருத்தல் வேண்டும். அவரே முகம்மது யூசுப்கான். நம் மக்கள் கம்மந்தான் கான் சாகிப் என்று அழைத்தவர். ‘கமாண்டண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் நம் நாட்டார் நாவில் கம்மந்தான் ஆயிற்று.

கான் சாகிபின் இளமையைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. இராமநாதபுரம் சீமையில் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், இளமையில் வீட்டைவிட்டு வெளியேறி இஸ்லாத்தைத் தழுவியவர் என்பது பெரும்பாலோர் கொள்கை. புதுச்சேரியில் பிரஞ்சுக்காரரிடம் சில காலம் இருந்தார் என்றும், நெல்லூர் சென்று படையில் உயர்ந்தார் என்றும் சொல்வர். வரலாற்றின் வெளிச்சத்துக்கு அவர் வருவது கிளைவின் படையில் தம் ஆட்களோடு சேர்ந்தபோதுதான். தமிழும் இந்துஸ்தானியும் அவருக்குத் துபாஷி வேண்டாத மொழிகள். பிரஞ்சும் ஆங்கிலமும் பேசுவார் என்பர். இந்த மொழியறிவை நாம் இங்கே குறிப்பிடுவது அவருடைய பெருமைக்காக மட்டுமன்று. பின்னால் வரும் செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

கான் சாகிப் ஒற்றுக்கலையைப் பயின்ற பள்ளிக்கூடம் திருச்சிராப்பள்ளி. 1752 முதல் 1754 வரை அந்நகரைச் சுற்றி நடந்த போரில், கும்பினிப் படைக்கு மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தலைவர். எதிரே பிரஞ்சுக்காரரும் மைசூரின் தளவாய் நஞ்சராஜரும் முராரி ராவின் மராத்தியக் குதிரைகளும் நின்றனர். நகரைச் சுற்றியிருந்த வெளியில் விளைச்சல் கிடையாது. அரிசியும் ஆடுமாடும் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வரவேண்டும். எனவே போர் என்பது உண்மையில் அரிசிப் பொதிகளின் போராகவே இருந்தது. எந்த இரவில், எந்தக் காட்டுவழியில், எத்தனை மாடுகள் வரும் என்பதை எதிரி அறிந்தால் படை பட்டினி. அறியாவிட்டால் படைக்குச் சோறு. 1754 பிப்ரவரியில் அவ்வாறு வந்த ஒரு பெருந்தொடரை எதிரிக் குதிரைப்படை வழியில் வளைத்து அழித்துவிட்டது. கும்பினியின் தேர்ந்த கிரனேடியர்கள் அதில் மாண்டனர்.

இத்தகைய சூழலில், வழி பார்த்து, செய்தி கொணர்ந்து, பொதிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதில் கான் சாகிபை மிஞ்சியவர் இல்லை என்று லாரன்ஸே எழுதினார். நாட்டை நன்கறிந்தவர், துணிவுள்ளவர், ஆயினும் போர்முகத்தில் நிதானம் இழவாதவர், தம் உடல்வருத்தத்தைப் பாராதவர் என்பன அவர் கண்ட குணங்கள். லாரன்ஸ் எளிதிற் புகழ்பவர் அல்லர்.

இனி வரும் நிகழ்ச்சியே நாம் சொல்ல வந்ததன் நடுநாயகம். லாரன்ஸுக்குப் பொன்னியப்பன் என்னும் தலைமைத் துபாஷி ஒருவன் இருந்தான். தளபதிக்கு வரும் நாட்டுமொழிக் கடிதங்களைப் படித்துப் பொருள் சொல்வதும், தளபதியின் சொல்லை நாட்டாருக்கு எடுத்துரைப்பதும் அவன் தொழில். தளபதியின் கூடாரத்தில் பேசப்படும் எதுவும் அவன் காதில் விழாமற் போகாது. அந்தப் பொன்னியப்பன் மறைவாக மைசூர்த் தளவாயோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தான்! கும்பினிப் பாசறையின் மருமங்கள் ஆற்றுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தன. இந்த வேலைக்கு ஒரே இடையூறு, எப்போதும் விழித்திருக்கும் கான் சாகிப்.

ஒருநாள் பாசறையருகே ஒரு கடிதம் கண்டெடுக்கப்பட்டது. தளவாய் நஞ்சராஜர் யூசுப்கானுக்கு எழுதியதாக அமைந்திருந்தது அது. பெருந்தொகை பெற்றுக்கொண்டு திருச்சிராப்பள்ளியைக் காட்டிக்கொடுக்க அவர் இசைந்துவிட்டதாக அதன் வாசகம் காட்டியது. வேண்டுமென்றே கண்ணிற் படும்படி போடப்பட்ட கடிதம் என்பதை அப்போது யாரும் எண்ணவில்லை. தம் படையிலேயே நம்பிக்கைக்கு உரியவராக நினைத்தவரை லாரன்ஸ் காவலில் வைத்தார்.

இந்த இடத்தில் லாரன்ஸின் தலைமைப் பண்பை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் அந்நியர், நம் நாட்டைப் பிடிக்க வந்த கூட்டத்தின் தளபதி. ஆயினும் கடிதம் ஒன்றை மட்டும் வைத்து ஒருவனைத் தூக்கிலிடவில்லை. விசாரணைக்கு உத்தரவிட்டார். கடிதம் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்து போட்டது, அதனால் யாருக்கு ஆதாயம் என்று ஒவ்வொன்றாகத் துருவினர். நூல் பிடித்துச் சென்ற விசாரணை துபாஷியின் வாசலில் போய் நின்றது. கான் சாகிப் குற்றமற்றவர் எனத் துலங்கியது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டான். அதே ஆண்டில் லாரன்ஸின் பரிந்துரையின்பேரில் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் யூசுப்கான் தலைவராக்கப்பட்டார். பின்பு அவருக்குப் பொற்பதக்கமும் வழங்கப்பட்டது.

மொழி அறியாத படைத்தலைவன் துபாஷியின் கைக்குழந்தை. கும்பினியாருக்கு இருந்த பெரிய ஆபத்து பிரஞ்சுப் பீரங்கியன்று. தமக்குக் கிடைத்த செய்தி மெய்யா பொய்யா என்று சோதிக்க வழியில்லாமையே. இரண்டு துபாஷிகள் சொல்வதை ஒத்துப்பார்க்கலாம். இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருந்தால் என்ன செய்வது? கான் சாகிபுக்கோ அரிக்காரன் வந்து மூச்சிரைக்கச் சொல்லும் சொல்லை நேரே கேட்கவும், மறுகேள்வி கேட்கவும், அவன் முகத்தைப் பார்த்து எடைபோடவும் முடிந்தது. அரிக்காரர் என்போர் செய்தி சுமந்து ஓடுவோர்; வேவு பார்ப்பதும் அவர்கள் வேலையில் அடங்கும். நவாபின் ஆட்சியிலும் அதற்கு முன்னரும் இவர்கள் இருந்தனர். கும்பினியார் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. இருந்ததைக் கூலிக்கு அமர்த்தினர்.

1756ஆம் ஆண்டு கான் சாகிப் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். அதற்குச் சற்று முன், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில், திருநெல்வேலிக்கு வடக்கே மாபூஸ்கானும் பூலித்தேவரின் கூட்டணியும் மோதி, பாளையக்காரர் அணி தோற்றிருந்தது. ஆனால் வெற்றியை வைத்துக் காக்கும் ஆற்றல் மாபூஸ்கானுக்கு இல்லை. ஆண்டு முடிவதற்குள் அவரே மதுரையில் தம்பிக்கு எதிராகத் திரும்பினார். பின்னர்ப் பூலித்தேவரின் அணியிலேயே போய்ச் சேர்ந்தார். நேற்றைய பகைவர் இன்றைய நண்பர் ஆகும் இத்தகைய நாட்டில், யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை அறிவதே ஆளும் வித்தை.

இங்கே நம் ஆற்றைப் பற்றி இரண்டு சொல் சொல்லவேண்டும். பொருநை இரு பருவமழையாலும் நீர்பெறுவது. ஆதலால் கார், பிசானம் என இருபோகம் விளையும். திருநெல்வேலி நகரம் ஆற்றுக்கு ஒரு கரையில். பாளையங்கோட்டை மறு கரையில். சுலோசன முதலியார் பாலம் 1843இல்தான் வந்தது. அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் இக்கரைச் செய்தி அக்கரை சேருவது பரிசலின் தயவில் இருந்தது. குத்தகைக்காரனுக்குப் பணம் களத்துமேட்டில் நெல்லாகக் குவிந்து கிடக்கும். அந்த நெல்லைத் தேடிவரும் கொள்ளைக்கும் அதே நாள்தான் நல்ல நாள். எனவே எந்த ஊரில் என்று அறுப்பு, எந்தக் குளம் நிரம்பியது, எந்த மடை உடைந்தது என்ற செய்தி, வருவாய்ச் செய்தி மட்டுமன்று, இராணுவச் செய்தியும் ஆகும். இப்பள்ளத்தாக்கில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. கான் சாகிப் ஆட்சியில் கணக்குப்பிள்ளையும் அரிக்காரனும் ஒரே கதவைத் தட்டினார்கள் என்று நாம் ஊகிக்கிறோம்.

1757இல் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுவோம். மதுரையை முற்றுகையிட வந்திருந்த கேப்டன் காலியோ, திருச்சிராப்பள்ளியைப் பிரஞ்சுக்காரர் வளைத்துக்கொண்டனர் என்று கேட்டு, கான் சாகிபை மதுரைப் புறத்தே நிறுத்திவிட்டு விரைந்து திரும்பினார். பிரஞ்சுப் படை அவர் வரும் வழிகளை அடைத்துக்கொண்டு காத்திருந்தது. தம் அணிக்குள்ளேயே எதிரியின் ஒற்றர்கள் இருப்பது காலியோவுக்குத் தெரியும். அவர்களைப் பிடித்துத் தண்டிப்பதில் அவர் நேரம் கழிக்கவில்லை. எதிரி எதிர்பார்க்கும் வழியிலேயே செல்வது போல நடந்து காட்டி, ஒற்றர்கள் அச்செய்தியைக் கொண்டு ஓடும்படி விட்டுவிட்டு, இருட்டியபின் பக்கவாட்டில் திரும்பி வயல்களில் இறங்கினார். தண்ணீர் நின்ற நெல்வயல். யாரும் போகமுடியாது என்று எதிரி காவல் வைக்காத இடம். இரவு முழுதும் முழங்காற் சேற்றில் நடந்து விடியற்காலையில் நகருக்குள் புகுந்துவிட்டார். எதிரியின் ஒற்றனையே தம் வேலைக்காரனாக ஆக்கிக்கொண்ட திறமை இது. அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் மதுரையும் வசமாயிற்று. போரினால் அன்று, 1,70,000 ரூபாயால்.

அடுத்த ஆண்டின் இறுதியில் பிரஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, தென்னாட்டிலிருந்து கான் சாகிப் அழைக்கப்பட்டார். அவர் கோட்டைக்குள் போகவில்லை, வெளியே நின்றார். செங்கல்பட்டுக்கும் சென்னைக்கும் இடையே, லாலியின் படைக்கு வரும் உணவுப் பொதிகளையும் மாடுகளையும் அவரும் ஆங்கில அதிகாரிகள் சிலரும் ஓயாமல் தாக்கினர். ஓரிடத்தில் விரட்டினால் மற்றோரிடத்தில் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலி நொந்துகொண்டார். திருச்சிராப்பள்ளியில் எந்தக் கலையைத் தற்காப்புக்குப் பயன்படுத்தினாரோ, அதையே இங்கே தாக்குதலுக்குத் திருப்பினார் கான் சாகிப். பொதி எப்போது வரும் என்று முன்னே அறிந்தால் அல்லவோ அதைத் தாக்க முடியும்? 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டு நீங்கினார்.

கான் சாகிப் இல்லாத அந்த மாதங்களில் திருநெல்வேலி மீண்டும் கைநழுவிற்று. பாளையங்கோட்டை மட்டும் சிப்பாய்களின் கையில் தாக்குப்பிடித்து நின்றது. 1759இல் மதுரை, திருநெல்வேலி இரண்டுக்கும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க் குத்தகையோடு ஆளுநராகத் திரும்பினார் அவர். தொண்டைமான் சீமையிலிருந்தும் மறவர் சீமையிலிருந்தும் கள்ளர் படைகளைத் திரட்டிக்கொண்டார். காடும் முள்வேலியும் சூழ்ந்த பாளையங்களுக்குள் சிப்பாய் வரிசை நுழைய முடியாது; அடிச்சுவடு பார்த்துக் காட்டில் நடக்கத் தெரிந்தவர்களே நுழைய முடியும் என்பதை அவர் அறிந்திருந்தார். அப்படியிருந்தும் அவ்வாண்டு டிசம்பரில் வாசுதேவநல்லூரில் தோல்வியே கிடைத்தது.

1760 ஜூன் மாதம் வேறொரு திசையிலிருந்து ஆபத்து வந்தது. கொழும்பிலிருந்து வந்த டச்சுப்படை ஒன்று தூத்துக்குடியில் இறங்கி, ஆற்றோரமாக ஆழ்வார்திருநகரி வரை உள்ளே புகுந்தது. மேற்கே பூலித்தேவரோடு போர் முடியவில்லை. கிழக்கே கடல்வழியாக ஐரோப்பியப் படை. கான் சாகிபின் படை நெருங்கவே டச்சுக்காரர் தூத்துக்குடிக்கே பின்வாங்கினர். அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் அவர் வசமாயின. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஹெரான் தலைகுனிந்து திரும்பிய அதே நெற்கட்டுஞ்செவல்!

நம் வாசகர்களில் சிலர் இவ்விடத்தில் மகிழ்வர். சிலர் முகம் சுளிப்பர். இருவருக்கும் காரணம் உண்டு. பூலித்தேவர் தம் மண்ணுக்காக நின்றவர். அவரை வென்ற வாள் கும்பினியின் வாள். அதைப் பிடித்திருந்த கை நம்மவர் கை. இந்த உண்மையை மறைத்துக் கான் சாகிபை முதல் நாள் தொட்டே விடுதலைவீரராக எழுதுவது, அவருக்கும் நாம் செய்யும் நன்றியன்று. மண்ணின் மொழியையும் காட்டின் வழியையும் அறிந்த அறிவு, மண்ணுக்கு எதிராகவும் பயன்பட்டது. ஆயினும் அவர் ஆட்சியை அடுத்து இருபது ஆண்டுகள் கழித்து இப்பகுதிக்கு வந்த கர்னல் புல்லார்ட்டன், யூசுப்கான் காலத்து நிர்வாகத்தின் திறமையையும் நேர்மையையும் வியந்து எழுதியிருப்பதையும் ஒதுக்க முடியாது. வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. மதுரையில் கான்சா மேட்டுத் தெரு சொல்கிறது. பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ என்னும் கதைப்பாடலும் சொல்கிறது. வெறும் கொடியவனை மக்கள் பாடி வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

அவருடைய முடிவு யாவரும் அறிந்தது. நவாபுக்குக் கீழ்ப்பட்ட வெறும் குத்தகைக்காரராக இருக்க இசையாமல், 1763இல் தம் கொடியை உயர்த்தினார். ஒருகாலத்தில் யாரோடு போரிட்டாரோ அந்தப் பிரஞ்சுக்காரரின் உதவியை நாடினார். கும்பினிப் படையும் நவாபின் படையும் மதுரையை இருமுறை முற்றுகையிட்டன. 1764 ஜூன் 26ஆம் நாள் மேஜர் சார்லஸ் காம்பெல் நடத்திய நேர்த்தாக்குதலை முறியடித்தார். அதன்பின் எதிரி மதிலை மோதவில்லை; நகருக்குள் ஒரு மூட்டை அரிசியும் போகவிடாமல் சுற்றி அடைத்துவிட்டான். திருச்சிராப்பள்ளியில் பொதி வழி காத்தவரை, சென்னையில் பொதி வழி மறித்தவரை, மதுரையில் பொதி வழி அடைத்து வென்றனர். அவரிடம் பயின்ற பாடம் என்றே சொல்லவேண்டும்.

வெளியே நூறு கல் தொலைவில் நடப்பதை அறிந்த அவருக்கு, உள்ளே பக்கத்து அறையில் நடந்த பேச்சு தெரியாமற் போயிற்று. பிரஞ்சுத் தலைவன் மர்ச்சந்தும், திவான் சீனிவாசராவும், வேறு சிலரும் சேர்ந்து சதி செய்தனர். மர்ச்சந்தைக் கான் சாகிப் ஒருமுறை சவுக்கால் அடித்துவிட்டார். அந்த வஞ்சம் அவன் நெஞ்சில் இருந்தது என்பர். பட்டினியால் சோர்ந்திருந்த நகரில் சதிக்கு ஆள் கிடைப்பதும் கடினமாயிருக்கவில்லை. அக்டோபர் 13ஆம் நாள் அவர் தொழுகையில் இருந்த வேளை பார்த்துப் பாய்ந்து பிடித்துக் கட்டினர். பத்தாண்டுகளுக்கு முன் திருச்சிராப்பள்ளியில் அவரைக் காப்பாற்றிய விசாரணை இம்முறை இல்லை. 15ஆம் நாள் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டனர். அவ்விடத்தில் அவருடைய தர்கா இருக்கிறது.

கான் சாகிபைத் தூக்கிலிட்ட கும்பினி அவருடைய இடத்தில் எதை வைத்தது? ஓர் ஆளை நம்பி இருப்பதன் ஆபத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர், அலுவலகத்தை வைத்தனர். 1788இல் சென்னைப் படையில் கேப்டன் ரீட் என்பவரின் கீழ் ஒரு வேவுத் துறை இருந்தது. அவ்வாண்டு அதில் உதவியாளராகச் சேர்ந்த இளைஞர்தாம் பிற்காலத்தில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ. நாட்டுமொழிகளைத் தாமே கற்றுக்கொண்ட அதிகாரிகள் அவர்கள். பொன்னியப்பனை நம்பியிருக்கத் தேவையில்லாதவர்கள். சிம்லாவில் இந்திய இராணுவத்துக்கென வேவுக் கிளை ஏற்பட்டது அதற்கும் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1878இல்.

ஆனால் அலுவலகம் வந்துவிட்டதால் செய்தி வந்துவிடுமா? 1801 பிப்ரவரி 2ஆம் நாள் மாலை பாளையங்கோட்டையில் நடந்தது இதற்கு விடை. 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின், அவர் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் அக்கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்தனர். கும்பினிப் படையின் பெரும்பகுதி சங்கரநயினார்கோவில் பாசறையில் இருந்தது. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் அன்று மாலை மேஜர் மெக்காலேயின் வீட்டில் விருந்துண்டு களித்திருந்தனர். விறகு விற்பவராகவும் பிறவாறாகவும் வேடமிட்ட பாஞ்சாலங்குறிச்சி வீரர்கள் ஊருக்குள் புகுந்திருந்தனர் என்று சொல்லப்படுகிறது. காவலர்கள் மடக்கப்பட்டனர், ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, ஊமைத்துரை வெளியேறினார். விருந்து எந்த நாள், படை எந்த ஊர், காவல் எத்தனை பேர் என்பதெல்லாம் வாய்பேசாத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. வேவுத் துறை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

சில நாட்களில் படையைத் திரட்டிக்கொண்டு பாஞ்சாலங்குறிச்சிக்குச் சென்ற மெக்காலேக்கு மற்றோர் அதிர்ச்சி காத்திருந்தது. இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை எழுந்து நின்றது. ஆறே நாளில் கட்டினார்கள் என்று, அப்போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியுள்ளார். ஆயிரக்கணக்கானோர் இரவு பகலாக மண் சுமந்த செய்தி ஒன்றுகூடப் பாளையங்கோட்டைக்கு வந்து சேரவில்லை. சுற்றுப்புறத்துக் குடிகள் வாய் திறக்கவில்லை என்பதுதான் பொருள். பாலையாகக் கிடந்த அந்தக் கரிசல் வெளியில் மறைந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லை. ஆயினும் ஒரு கோட்டையை மறைத்துவிட்டார்கள்.

அக்கோட்டை மே மாதம் 24ஆம் நாள் வீழ்ந்தது. அதன்பின் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியையும் வெல்ஷே எழுதிவைத்தார். களத்தில் பிணங்களுக்கிடையே தன் மகனைத் தேடிவந்தாள் ஒரு தாய். குற்றுயிராய்க் கிடந்த மகன், என்னை விட்டுவிடு, அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் அவரைத் தூக்கிச் சென்று ஓர் ஊரில் கிடத்தினாள். பரிசுக்காகத் தேடிவந்த எட்டயபுரத்து ஆட்கள் அவ்வூருக்கும் வந்துவிட்டனர். பெண்கள் ஊமைத்துரையின்மேல் ஒரு துணியைப் போர்த்தி மூடி, சுற்றியிருந்து ஒப்பாரி வைத்தனர். பிள்ளை அம்மை வார்த்து இறந்துபோனான் என்றனர். தேடிவந்தவர்கள் துணியை விலக்கிப் பார்க்கவில்லை, ஊரைவிட்டே ஓடிவிட்டனர்.